மரணச் சுற்று

"நிறுத்துங்க. ஒரு கல்லுகூட இறங்கக் கூடாது."

வத்சலா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கடைக்கால் குழிக்குள்ளேயே குதித்துவிட்டாள். மேலே இரண்டு வங்காளத் தொழிலாளிகள் கையில் கருங்கல்லோடு அப்படியே நின்றார்கள். கீழே போட்டால் வீட்டுக்கார அம்மா தலையில் விழும். போடாவிட்டால் தங்கள் முதுகு போய்விடும்.

"வத்சலா சேச்சி, மழை வருது" என்றார் கொத்தனார் பத்ரோஸ். "இன்னிக்குக் கல்லு போடலைன்னா குழி இடிஞ்சிடும்."

"இடியட்டும். எம் புருஷன் உசுரு முக்கியம். ஆசான் பார்த்துட்டார். இது மரணச் சுற்று."

பத்ரோஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வத்சலா சொல்ல விடவில்லை.

எங்கள் திருச்சூர்ப் பக்கத்தில் ஆசானைத் தெரியாதவர்கள் இல்லை. பழைய பெயர் புருஷோத்தமன், பழைய தொழில் ஜெராக்ஸ் கடை. இப்போது அஸ்திவாரம் ஆசான். வீட்டின் சுற்றளவை அளந்து அது பால்யமா, யௌவனமா, முதுமையா, மரணமா என்று சொல்கிறவர்கள் எங்களிடம் ஏற்கெனவே நிறைய உண்டு. ஆனால் அவர்கள் எல்லாம் சுவரோடு நின்றுவிட்டார்கள். ஆசான்தான் மண்ணுக்குள் இறங்கினார், அதுவும் கம்ப்யூட்டர் வழியாக. விஞ்ஞானம் வளர்ந்தால் மூடநம்பிக்கை மட்டும் பின்தங்கிவிடலாமா?

ஒல்லூர்ச் சாலையில் ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து அதில் உட்கார்ந்திருந்தார். வாசலில் தினமும் திருவிழாக் கூட்டம். நெற்றியில் சந்தனம், கழுத்தில் சிலுவை, தலையில் தொப்பி என்று எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். மத நல்லிணக்கத்தை எங்கே தேடுவது என்று தெரியாமல் மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அங்கே வந்து பார்த்திருக்கலாம்.

உள்ளே சுவர் முழுக்க வெள்ளைத் திரை. அதில் உங்கள் வீட்டு அஸ்திவாரம் மட்டும் சாம்பல் நிறத்தில் மிதக்கும். மூலையில் அதன் சுற்றளவு ஓர் எண்ணாக இருக்கும். ஆசான் கண்ணை மூடி ஒரு தடவை மௌஸைத் தட்டுவார். எண் மாறும். கூட்டம் மூச்சை இழுக்கும். மரணம்.

பயப்பட வேண்டாம், பரிகாரம் உண்டு. நான்கு மூலைக்கும் தாமிர ஆணி. ஆணியைத் திரையில் ஒற்றி, மீண்டும் ஒரு தட்டு. எண் மறுபடி மாறும். யௌவனம். வீட்டுக்காரர் அழுதே விடுவார். என்ன ஒன்று, ஆணி பூஜைக்கு வரிசை நீளம். வத்சலாவின் முறை மழை கொட்டும் கர்க்கடக மாதம் தாண்டித்தான் வரும். அதற்குள் மழை குழியைத் தின்றுவிடும். வாடகை வீட்டுக்காரரோ ஓணத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். புருஷன் சுதாகரன் நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

வத்சலாவின் புது வீட்டுக்குப் பிளான் வரைந்த ஷைனி குரியாக்கோஸ் தகவல் கேட்டு ஓடிவந்தாள். வத்சலாவைக் குழியிலிருந்து மேலேற்றி, கல் குவியல் மேல் லேப்டாப்பை வைத்து, ஆசானின் மந்திரத்தை அவளே செய்து காட்டினாள். ஒவ்வொரு சுவருக்கும் அடியில் ஓர் அஸ்திவாரத் துண்டு. துண்டு துண்டாக இருக்கும்போது எல்லாவற்றின் சுற்றளவும் தனித்தனியாகக் கூடும். இணைத்தால் உள்ளே இருக்கும் கோடுகள் மறைந்து எண் குறையும். எந்தத் துண்டை இணைப்பது, எதை விடுவது என்பது மௌஸ் பிடித்தவர் விருப்பம்.

"படத்துலதான் கோடு மாறுது சேச்சி. மண்ணுக்குள்ள ஒரு கல்லும் நகரல. அந்த ஆளு ஒரு துண்டை வேணும்னே இணைக்காம வெச்சிருக்கார். ஆணி வந்ததும் இணைப்பார்."

வத்சலா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீ படிச்ச பொண்ணு, நீ தொட்டா எண்ணு மாறும். அவரு கைபட்டா விதியே மாறுது மோளே."

ஷைனி லேப்டாப்பை மூடினாள். "சரி, வாங்க. எங்கிட்டயும் ஒரு பிளான் இருக்கு. ஆசானே பார்க்கட்டும்."

போனார்கள். வரிசையில் நின்றார்கள். பழம்பொரியும் சாயாவும் வாங்கிச் சாப்பிட்டார்கள். முறை வந்தது. ஷைனி பென் டிரைவை நீட்டினாள். திரையில் சாம்பல் துண்டுகள் மிதந்தன.

"யாரு வீடு?" என்றார் ஆசான்.

"வீடு இல்ல ஆசானே, வேற கட்டடம். கட்டி எழுப்பியாச்சு. தினம் ஏகப்பட்ட பேரு வந்து உட்கார்ற இடம்."

ஆசானின் கண்கள் ஒளிர்ந்தன. ஏகப்பட்ட பேர் என்றால் பெரிய ஆணி. கண்ணை மூடினார். தட்டினார். எண் மாறியது. கூட்டம் மூச்சை இழுத்தது.

"மரணம்" என்றார். "சாதாரண மரணம் இல்ல, கூட்ட மரணம். பூஜை முடியற வரைக்கும் உள்ள ஒரு ஜீவன் இருக்கக் கூடாது. ஒரு நிமிஷம் இருந்தாலும் நான் பொறுப்பில்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க, பின்னால இருக்கறவங்களுக்குக் கேட்கல."

ஆசான் இன்னும் உரக்கச் சொன்னார். விளம்பரம்தானே.

"சுவரையும் பார்த்துடுங்களேன். அதை மறைச்சு வெச்சிருந்தேன்" என்று ஷைனி கை நீட்டி ஒரு பொத்தானைத் தட்டினாள்.

சாம்பல் துண்டுகளின் மேல் சுவர்கள் எழுந்தன. முன்னால் இரட்டை ஷட்டர். இடது பக்கம் வளைந்த படிக்கட்டு. நடுவில் எட்டுப் பட்டைத் தூண். வரிசையில் இருந்த ஒருவர் திரையைப் பார்த்தார். தான் சாய்ந்திருந்த தூணைப் பார்த்தார். பட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"அய்யோ, இது நம்ம..."

அவர் முடிக்கவில்லை. அதற்குள் கூட்டம் ஷட்டரை நோக்கிப் பாய்ந்தது. செருப்புகள் கிடந்தன, ஒரு குடை கிடந்தது, பாதி கடித்த பழம்பொரிகள் கிடந்தன. ஆசானைச் சந்தேகித்து ஓடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம்பித்தான் ஓடினார்கள்.

"ஃபர்னிச்சர் கடைக்காக நான் வரைஞ்ச கட்டடம் இது" என்றாள் ஷைனி, மிச்சம் இருந்தவர்களிடம். மிச்சம் இருந்தது வத்சலாவும் ஆசானும்தான்.

வத்சலாவும் ஷட்டர் வரை ஓடினாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். ஆசான் நாற்காலியை விட்டு அசையவில்லை. கூட்ட மரணத்தின் நட்டநடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே, கால்மேல் கால் போட்டு, போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆசானே, நீங்க வெளிய வரல?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது, மோளே" என்றார் ஆசான் எரிச்சலோடு. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

வத்சலா போனை எடுத்துப் பத்ரோஸைக் கூப்பிட்டு, கல்லை இறக்கச் சொன்னாள். மழைக்கு முன்னால் முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார். போனை வைக்கப் போனவள் நிறுத்தி, காலையில் ஏதோ சொல்ல வந்தீர்களே, என்ன அது என்றாள்.

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க, சேச்சி. ஆசானோட புது வீட்டுக்குக் கடைக்கால் போட்டதே நான்தான். சுற்றளவு என்ன வைக்கட்டும்னு கேட்டேன். 'சுற்றாவது மண்ணாவது, அடியில மண்ணு கெட்டியா இருக்கான்னு பாருடா'ன்னார்."

தன் வீட்டுக்கு மண்ணைக் கேட்கச் சொன்ன மனிதர்தான், உங்கள் வீட்டுக்குத் தன்னைக் கேட்கச் சொல்கிறார். ஒல்லூர்ச் சாலையில் ஆசானைப் பார்க்கும் வரிசை இப்போது, அந்தக் கட்டடத்துக்குப் பயந்து, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறதாம். நீங்கள் அதில் எத்தனையாவது ஆள்?