முன்கூட்டியே வாங்கிய நன்றி

கடல் தாண்டி வந்தவர்கள் வெண்குடை நாட்டை ஆண்டுவிட்டுப் போகும்போது, ஆங்கிலத்தை அரண்மனையிலேயே விட்டுப் போனார்கள். அன்று முதல் அரசாணைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தமிழில் வாசிப்பது திருமேனியின் உத்தியோகம். வாசித்து முடித்ததும் ஊரார் நன்றிப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். பத்திரம் அரண்மனைக்கு வந்து சேர்ந்த அன்றே, வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

அந்த ஆவணியில் பெருமடை ஏரிக்கரை விரிசல் விட்டிருந்தது. கரை தாங்கும் என்று அரசர் 'அஷ்யூர்' செய்வதாக ஆணை வந்தது. திருமேனி மந்திரி அகளங்கரிடம் போய் நின்றார்.

"ஐயா, 'அஷ்யூர்' என்றால் வாக்குக் கொடுப்பதோடு சரி. கேட்பவருக்கு ஒரு தெம்பு. 'என்ஷ்யூர்' என்று இருந்தால்தான் கரையைச் செப்பனிட்டு, அது தாங்கும்படி செய்தாக வேண்டும். ஊரார் எதிர்பார்ப்பது இரண்டாவதை."

"இரண்டுக்கும் விழுகிற கைதட்டல் ஒன்றுதானே, ஓய்?" என்றார் மந்திரி. "செய்வதற்குக் கல் வேண்டும், மண் வேண்டும், ஆள் வேண்டும். சொல்வதற்கு உம்முடைய தொண்டை போதும். ஜனங்கள் மனம் குளிரும்படி வாசியும். உம்முடைய நாற்காலிக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள்."

பெருமடையில் அவர் ஆணையை வாசித்தபோது மண்வெட்டியோடு வந்திருந்தாள் அங்கம்மா. அவள் வீடு கரைக்கு நேர் கீழே.

"ஏன்யா, ராசா சொல்றதோட சரியா, செய்வாரா? செய்யலேன்னா சொல்லிப்புடுங்க, நாங்களே மண்ணு வெட்டிப் போட்டுக்கிறோம். நாப்பது வீடு இருக்கு."

திருமேனி நாற்காலியை நினைத்தார்.

"செய்வார்மா," என்றார்.

மண்வெட்டிகள் வீட்டுக்குத் திரும்பின. நாற்பது கட்டைவிரல்கள் பத்திரத்தில் பதிந்தன.

ஐப்பசியில் கரை உடைந்தது. நாற்பது வீடும் போயின. அங்கம்மாவின் புருஷனும் போனான்.

அரண்மனை தீர விசாரித்தது. கோப்பில் நன்றிப் பத்திரம் இருந்தது. ஆகவே கரை பலமாகத்தான் இருந்திருக்கிறது. பலமான கரை தானாக உடையாது. அரசாங்கக் கரையை உடைத்த குற்றத்துக்காக, பெருமடைக்காரர்களே மண் சுமந்து அதைக் கட்டித்தர வேண்டும் என்று தீர்ப்பானது. மந்திரி இரக்கமுள்ளவர். அதே ஆணையில் நிவாரணமும் 'அஷ்யூர்' செய்யச் சொன்னார்.

திருமேனிதான் அதையும் கொண்டுபோனார். சேற்றில் நின்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்து வாசித்தார். நிவாரணம் வரும் என்ற வரியை வேகமாகக் கடந்தார்.

இந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கம்மா முன்னால் வந்து, கட்டைவிரல் சேற்றைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"மைப்பெட்டி கொண்டாந்திருக்கீங்களாய்யா?"

கொண்டுவந்திருந்தார்.