இலவசப் பால்கனி

லோர்னாவிடம் உண்மையைச் சொல்லாமலே அவளைக் கப்பலேற்றிவிடுவது என்று வெண்டெல் ஓக்ஸ் தீர்மானித்தார். நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் எடுத்த தீர்மானங்கள் ஏராளம். நிறைவேறியவை எல்லாம் லோர்னா எடுத்தவை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு போன். கடற்கரை ஊரான ஃபோர்ட் லாடர்டேலில் அவர்களுடைய ஏழாவது மாடி வீட்டில் உட்கார்ந்து, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. லோர்னா கீழே நீச்சல் குளத்தில் இருந்தாள்.

"மிஸ்டர் ஓக்ஸ்! பெலிகன் கப்பல் கம்பெனி, கேசினோ பிரிவிலேர்ந்து பேசறேன்." பெண் குரல். தேன் சொட்டியது. "போன தடவை எங்க கப்பல்ல ரொம்ப நல்லா விளையாடினீங்க!"

"நல்லா விளையாடினேனா? எல்லாத்தையும் தோத்தேனே!"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். அதுக்காக கரீபியன் போயிட்டு வர பால்கனி ரூம் ஒண்ணு, உங்களுக்கும் உங்க கூட வர்றவங்களுக்கும் இலவசம்!"

வெண்டெல் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

முதல் கப்பல் பயணத்தில் கேசினோவில் சூதாடி அவர் தோற்ற கதையைக் கேட்டு லோர்னா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினாள். அதற்கு அந்த மூன்று நாளே தேவலை என்றிருந்தது. "இனிமே கேசினோ வாசலை மிதிக்க மாட்டேன்" என்று வெண்டெல் அன்று சத்தியம் செய்தார். சொன்ன சொல்லை அடுத்த பயணத்தில் காப்பாற்றவும் செய்தார். வாசல் வழியாக அவர் போகவே இல்லை. பக்கத்திலிருந்த போட்டோ கடை வழியாகப் போனார். லோர்னாவிடம் சொன்னது, "மேல்தளத்துல நாலு சுத்து நடந்துட்டு வரேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

இப்போது இலவசம் என்று சொன்னால், ஏன் இலவசம் என்பாள். ஏன் என்றால் கேசினோ. கேசினோ என்றால் மறுபடியும் மூன்று நாள் மௌனம், அதற்கப்புறம் நான்காம் நாள்.

ஆகவே திட்டம் போட்டார். மூன்று கம்பெனிகளை எடுத்து நேர்மையாக ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல் பார்ப்பது. வசதி என்ன, விலை என்ன, சாப்பாடு எப்படி என்று அலசுவது. கடைசியில் பெலிகன்தான் சிறந்தது என்று லோர்னாவையே நம்ப வைப்பது. விலையைக் கேட்டால், ஓய்வுபெற்றவர்களுக்கான தனிச் சலுகை என்று ஒரு போடு போடுவது.

நேர்மையாக நடிப்பதற்குக்கூடக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. பக்கத்து வீட்டு கஸ் பாப்பஸைப் போய்ப் பிடித்தார். கஸ் வருடத்தில் பாதியைக் கப்பலில் கழிப்பவர். மீதிப் பாதியில் கப்பலைப் பற்றிப் பேசுபவர்.

"நீ எந்தக் கம்பெனியில எந்தப் படியில இருக்க?" என்றார் கஸ்.

"படியா? நான் லிஃப்ட்லதான் போவேன்."

"அட, அந்தப் படி இல்லைப்பா! அடிக்கடி வர்றவங்களுக்குக் குடுக்கிற தகுதிப் படி! நான் பெலிகன்ல தங்கம். நார்த்விண்ட்ல பிளாட்டினம். கோரல் குயின்ல ரெட்டை வைரம்."

"ஏம்பா, இதெல்லாம் கப்பலா, நகைக் கடையா?"

"சிரிக்காதே. ஒரு கம்பெனியில வைரமா இருந்தா இன்னொரு கம்பெனி கேசினோவுல உன்னைத் தங்கமா ஏத்துப்பாங்க. ஆனா அங்க தங்கமா இருந்தா இங்க வைரமாக முடியாது. இங்க குடிக்கிறது இலவசம், ஆனா டிப்ஸ் வெளியே. அங்க டிப்ஸ் உள்ளே, ஆனா தண்ணி பாட்டில் வெளியே. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார் வெண்டெல். வீட்டுக்குத் திரும்பும்போது தன் வீடு கஸ் வீட்டுக்கு இடது பக்கமா வலது பக்கமா என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் ஆராய்ச்சி ஆரம்பமானது. லோர்னா எலுமிச்சைக் கேக் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்யாண நாளுக்குக் கப்பல்ல போலாம்னு பார்க்கறேன்" என்றார் வெண்டெல், வானிலையைப் பற்றிப் பேசுகிற குரலில். "மூணு கம்பெனி இருக்கு. முதல்ல நார்த்விண்ட். ரொம்ப மலிவு."

"ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. ஜன்னலுக்கு வெளியே உயிர்காக்கிற படகு ஒண்ணு தொங்கும்."

"அப்ப கடல்?"

"படகுக்கு அந்தப் பக்கம்."

"டிப்ஸ்?"

"நம்ம இஷ்டம்தான். ஆனா அவங்களே எடுத்துப்பாங்க."

"இன்டர்நெட்?"

"தனி."

"காபி?"

"காபி உண்டு. நல்ல காபி தனி."

"இது கப்பலா வெண்டெல்? ஏறினதிலேர்ந்து கப்பம்ல கட்டணும் போலிருக்கு!" என்று கேக்கின் ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தாள். "அடுத்தது?"

"கோரல் குயின். அங்க எல்லாமே டிக்கெட்லயே சேர்த்தி."

"எல்லாமேன்னா?"

"எல்லாமே. குடிக்கிறதும் சேர்த்தி. ஆனா ஒரு விலைக்குள்ள இருக்கிற சரக்குதான். அதுக்கு மேல போனா வித்தியாசத்தை நாம குடுக்கணும். சேர்த்திதான், ஆனா சேர்த்தி இல்லாத சேர்த்தி."

"நான்தான் குடிக்கவே மாட்டேனே."

"அப்படின்னா நீ குடிக்காததுக்கும் சேர்த்துத்தான் விலை. ஒரு ரூம்ல ஒருத்தர் அந்த டிக்கெட்டை வாங்கினா ரெண்டு பேரும் வாங்கணுமாம்."

"அப்ப நான் குடிக்கணும்கறியா?"

"நான் அப்படிச் சொல்லலையே!"

"பின்ன யாரு, மாலுமியா சொன்னான்?"

இரண்டாவது மாலையும் இதே கதை. வெண்டெல் பெலிகனுக்குச் சாதகமாக ஒரு காரணம் சொன்னால் லோர்னா ஒரு கேள்வி கேட்பாள். கேள்விக்குப் பதில் தேடப் போனால் வேறொரு சலுகை முளைக்கும். இவ்வளவு சீக்கிரம் பதிவு செய்தால் இவ்வளவு குறையும். பதிவை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்டால் குறைந்ததெல்லாம் கூடிவிடும். மூன்றாவது பயணி இலவசம். ஆனால் மூன்றாவது பயணிக்குப் படுக்கை மேலே சுவரிலிருந்து இறங்கும். அவர்கள் இருப்பதே இரண்டு பேர். ஆனாலும் ஒரு மணி நேரம் அந்த மூன்றாவது பயணியைப் பற்றிக் கவலைப்பட்டார் வெண்டெல்.

இலவச ரூமுக்கும் துறைமுக வரி உண்டு என்று பிறகு தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே தலை சுற்றியது. வரி, டிப்ஸ், இன்டர்நெட், லோர்னா குடிக்காத மது, எல்லாவற்றையும் கூட்டினார், கழித்தார், மறுபடியும் கூட்டினார். மூன்றாவது மாலை மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"லோர்னா! கண்டுபிடிச்சுட்டேன்! கோரல் குயின்தான்! இலவசத்தைவிட அதுதான் மலிவு!"

"எது இலவசம்?" என்றாள் லோர்னா.

வெண்டெல் கணக்குப் போட்ட காகிதத்தை மடித்தார். "சும்மா... ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்."

லோர்னா தட்டுகளை அடுக்கி வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கென்னமோ அந்தப் பெலிகன் பேரே பிடிச்சிருக்கு. அதுலயே போயிடலாமே" என்றாள்.

வெண்டெலுக்குக் காதை நம்ப முடியவில்லை. தான் விரித்த வலையிலிருந்து தானே தப்பித்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், மீன் தானாக வந்து உள்ளே விழுந்திருக்கிறது. "உன் இஷ்டம்தான் என் இஷ்டம்" என்று பெருந்தன்மையோடு சொன்னார். விலை, ஓய்வுபெற்றவர்களுக்கான தனிச் சலுகை என்றும் ஒரு போடு போட்டார். கப்பல் கிளம்பும் நாள்வரை, தான் ஜெயித்தது எப்படி என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. ஜெயித்தவன் எதற்கு யோசிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

கப்பலில் அறைக் கதவைத் திறந்ததும்தான் குழப்பம் மறுபடி ஆரம்பித்தது.

பால்கனி ரூம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இங்கே ஒரு கூடம் இருந்தது. சோபா இருந்தது. குளிக்கும் தொட்டியிலிருந்தே கடல் தெரிந்தது. அவர்களுடைய ஏழாவது மாடி வீட்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் நடமாட இடம் மிச்சமிருக்கும்.

"ஓய்வுபெத்தவங்களுக்கான சலுகைன்னியே" என்றாள் லோர்னா, சோபாவில் சாய்ந்தபடி. "எத்தனை பேர் ஓய்வுபெத்ததுக்கு வெண்டெல் இது?"

"பெலிகன்காரங்க தாராள மனசுக்காரங்க."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

அவர் கடலைப் பார்த்தார்.

"கடலைப் பார்க்காதே. அது எனக்கு முன்னாடியே உன்னை மன்னிச்சுடும். இங்க பாரு."

பார்த்தார். அவ்வளவுதான். போட்டோ கடை, டாக்டர் சொன்ன நடை, தேன் சொட்டிய குரல், எல்லாம் அருவியாகக் கொட்டிவிட்டது. நடுவில் இரண்டு தடவை மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அவர் எதிர்பார்த்த புயல் வீசவில்லை. லோர்னா எழுந்தாள். அலமாரியைத் திறந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுமேல கையை வச்சுச் சத்தியம் பண்ணு. உயிரைக் காப்பாத்தற பொருள்."

"என்னன்னு?"

"கேசினோவுக்குள்ள போக மாட்டேன்னு. வாசல் வழியா மட்டும் இல்லை. போட்டோ கடை, சமையல்கட்டு, புகைபோக்கி, எது வழியாவும் போக மாட்டேன்னு."

வெண்டெல் செய்தார். செய்யும்போது ஜாக்கெட்டில் கட்டியிருந்த விசிலை அவர் கை அழுத்தி அது கீச்சென்றது. லோர்னா அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, "போ, முகத்தைக் கழுவிட்டு வா. சாப்பிடப் போலாம்" என்றாள். இப்படி ஒரு மனைவியையா ஏமாற்றப் பார்த்தோம் என்று வெண்டெல் தன்னையே நொந்துகொண்டார். இரவுச் சாப்பாட்டில் தன் இறால் தட்டிலிருந்து பாதியை அவளுக்கே எடுத்து வைத்தார்.

அப்போதுதான் கறுப்புக் கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் மேஜையை நோக்கி வந்தான். சட்டையில் 'டாரியோ, கேசினோ' என்றிருந்தது. கையில் சாக்லேட்டில் தோய்த்த ஸ்ட்ராபெரித் தட்டு. வெண்டெல் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார்.

"வேண்டாம்பா! எடுத்துட்டுப் போயிடு! நான் எல்லாத்தையும் விட்டுட்டேன்!"

டாரியோ அவரைத் தாண்டிப் போய் லோர்னாவுக்கு முன்னால் குனிந்தான். "மறுபடியும் வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம் மிஸஸ் ஓக்ஸ்! ரூம் வசதியா இருக்கா? உங்க சூதாட்ட மெஷின்ல வேற யாரையும் உட்கார விடலை."

"தம்பி, ஆள் மாறிப்போச்சு" என்றார் வெண்டெல். "இலவச ரூம் என் பேர்லதான். மிஸ்டர் ஓக்ஸ் நான்தான்."

"தெரியும் சார். ஒரு ரூமுக்கு ஒரு சலுகைதான். ரெண்டுல பெரியதைக் குடுத்துடுவோம். மேடம் அவங்களுக்கு வந்த சலுகையைச் சொல்லி போன் பண்ணிட்டாங்க. நீங்க அவங்க கூட வர்றவர்."

வெண்டெல் மனைவியைப் பார்த்தார். அவள் ஸ்ட்ராபெரி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"லோர்னா... நீயா?"

"நீ போட்டோ கடைப் பக்கமா நுழைவே. நான் பெரிய வாசல் வழியாவே போவேன். தூணுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. போன தடவை முழுக்க உன் பின்மண்டையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். வழுக்கை கொஞ்சம் கூடியிருக்கு."

"பார்த்துட்டு சும்மாவா இருந்தே?"

"நீ தோத்துக்கிட்டிருந்தே. நடுவுல கலைக்க வேண்டாம்னுதான். நான் ஜெயிச்சுக்கிட்டிருந்தேன். புது ஃப்ரிட்ஜ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சே?"

"உங்க அக்கா குடுத்ததுன்னு சொன்னியே!"

"அவ பல்லு குத்தற குச்சிகூடக் குடுக்க மாட்டா."

வெண்டெல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "சரி! ரெண்டு பேரும் தப்புப் பண்ணியிருக்கோம். கணக்கு நேராயிடுச்சு. வா, சேர்ந்தே போலாம்!"

"எங்க?"

"கேசினோவுக்கு!"

"நீ சத்தியம் பண்ணியிருக்கியே."

"நீ?"

"நான் எப்போ பண்ணினேன்?" என்றாள் லோர்னா. கைப்பையை எடுத்துக்கொண்டாள். டாரியோ அவள் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துவிட்டான்.

வெண்டெல் யோசித்துப் பார்த்தார். லைஃப் ஜாக்கெட்மேல் இருந்தது ஒரே ஒரு கை. அது அவருடையது.

"அப்ப நான் என்ன பண்றது?"

"அஞ்சாவது தளத்துல துண்டு மடிக்கச் சொல்லித்தராங்களாம். முயல், அன்னம், குரங்கு எல்லாம் செய்யலாமாம். அதுவும் இலவசம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பெரிய வாசலை நோக்கி நடந்தாள்.

வெண்டெல் அதற்குத்தான் போனார். ஒரு குளியல் துண்டோடு போராடி, கையையும் காலையும் முறுக்கி, ஒருவழியாக ஒன்றைச் செய்து, அறையில் கோட் மாட்டும் கம்பியில் தொங்கவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். லோர்னா கைப்பை நிறையப் பணமும் வாய் நிறையச் சிரிப்புமாக உள்ளே வந்தாள். தொங்குவதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"குரங்கு" என்றார் வெண்டெல், கொஞ்சம் பெருமையாகவே.

"அச்சு அசல் அப்படியே இருக்கே" என்றாள் லோர்னா. "கண்ணாடியைப் பார்த்தா செஞ்சே?"