வடக்குச் சூலமும் செயற்கை அடிவானமும்

உலகத்தில் நான் இறங்காத விமான நிலையம் கிடையாது. பனி மூடிய ஓடுபாதையில் இறங்கியிருக்கிறேன். ஒற்றை எஞ்சினோடு மலை தாண்டியிருக்கிறேன். எல்லாம் அளவெட்டியில், என் வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்து அறையில், சாரம் கட்டிக்கொண்டு. நிஜ விமானத்தில் மட்டும் இதுவரை கால் வைத்ததில்லை. காரணம் தனிப்பட்டது. பயம்.

இது என் மனைவி உதயகலாவுக்குத் தெரியாது என்று, கலியாணம் கட்டிய நாள் முதல் நம்பிக்கொண்டிருந்தேன்.

சுன்னாகத்தில் கணினி வகுப்பு எடுப்பது என் தொழில். விமானம் என் பைத்தியம். யாரும் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்ட ஒரு பறப்பு சிமுலேட்டர் இருக்கிறது. அதில் விமானி அறையின் மானிகளைத் திரையில் வரையும் பகுதியைப் புதுப்பிக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். பழைய முறையில் மானியின் முகம் ஒரு படம், முள் இன்னொரு படம். முள்ளைத் திருப்பினால் விளிம்பு தேங்காய்த் திருவலை மாதிரிப் பல்லுப் பல்லாகத் தெரியும். புதிய முறையில் படமே இல்லை. கோடு, வட்டம், எழுத்து எல்லாவற்றையும் கிராபிக்ஸ் அட்டை கணத்துக்குக் கணம் புதிதாக வரையும். ஒரேயொரு நிபந்தனை. பழைய முறைக்காகச் செய்த விமானம் ஒன்றுகூடக் கெடக்கூடாது. அவற்றில் ஒரு வரியைத் தொடவும் கூடாது. ஆகவே நடுவில் ஓர் அடுக்கு எழுதினேன். மேலே பழைய விமானம் தன் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கும். கீழே எல்லாம் புதிது.

அது முதன்முதலில் வேலை செய்த அன்று கதிரையை விட்டு எழும்பவே மனம் வரவில்லை. செயற்கை அடிவானம் என்று ஒரு மானி. மேலே நீலம், கீழே மண்ணிறம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. பலாலி ஓடுபாதையில் எழும்பிக் கடல் பக்கம் சரிந்தேன். கோடும் சரிந்தது. ஒரு நடுக்கம் இல்லை. ஒரு பல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"என்னப்பா, மொனிற்றரைக் கும்பிடுறியள்? சாமியறை அடுத்த அறை."

கதவடியில் உதயகலா.

"இஞ்சை வந்து பார். இந்தக் கோட்டைப் பார்."

"வடிவாத்தான் இருக்கு. கொடியிலை கிடக்கிற உடுப்பை எடுங்கோ, மழை வருது."

உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சென்னையிலிருந்து போன் வந்தது. அவளுடைய தங்கை சிவகௌரி. மகள் தாரிகாவுக்குக் கலியாணமாம். பலாலியில் பிளேன் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழும்புவதற்குள் வந்துவிடலாமாம்.

உதயகலா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தங்கச்சி கலியாணம் கட்டிப்போன பிறகு முகத்தைப் போனுக்குள்ளைதான் பாத்தனான். பெட்டை பிறந்து, வளந்து, இப்ப அவளுக்கே கலியாணம். போவமப்பா."

"நீ தனியப் போட்டு வாவன்."

"நீங்கள் வராட்டி நானும் போகன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனவே அவளே 'பிளேன் வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். திட்டம் உருவானது.

அன்று பின்னேரம் சிமுலேட்டரில் கடலுக்கு மேல் ஒரு புயலைப் பொருத்தினேன். இருக்கிற இடி மின்னலையெல்லாம் கொட்டினேன். விமானத்தைத் திருப்புகிற ஜோய்ஸ்டிக் பிடியை அவள் கையில் கொடுத்து, "பழகிப் பார், நாளைக்குப் பயப்பிடக் கூடாதெல்லோ" என்று அன்பாகச் சொன்னேன்.

"உதென்ன, ஒரு பக்கம் இழுக்குது?"

"காத்துக்குள்ளை அம்பிட்டிட்டம். விமானம் விழப்போகுது!"

"விழேல்லை. உங்கடை வெள்ளைக் கோடு சரிஞ்சிருக்கு. நேராக்கினால் சரிதானே?"

நேராக்கினாள்.

"மின்னல்! கலா, மின்னல்!"

"ஓம், வடிவா இருக்கு. நீங்கள் ஏன் என்ரை தோளைப் பிடிச்சு நுள்ளுறியள்?"

கதிரையில் இருந்தவள் சுளகில் அரிசி புடைக்கிற நிதானத்தில் இருந்தாள். பின்னால் நின்ற நான்தான் நல்லூர்க் கந்தனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். குற்றம் என் மானியில். அது அவ்வளவு தெளிவாகக் காட்டியதில் அவளுக்குப் பயம் வர இடமே இல்லை. பழைய பல்லு முள்ளாக இருந்திருந்தால் விமானம் கடலில் விழுந்திருக்கும். நான் பிழைத்திருப்பேன்.

"என்னப்பா, இப்பிடி வேர்க்குது உங்களுக்கு?"

"அறை புழுக்கம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய் டிக்கெட் போட்டாள். செவ்வாய்க்கிழமைக்கு.

போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் ஜோய்ஸ்டிக்கைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே தவழ்ந்தேன். அரிசி வாளிக்குள்ளும் கையை விட்டேன். "பூனை தட்டி விழுத்தியிருக்கும், வடிவாத் தேடுங்கோ" என்று அவளும் ஆறுதல் சொன்னாள். துயரத்தோடு விசைப்பலகையால் பறந்தேன்.

திங்கள் பின்னேரம், சுவரில் தொங்கிய கலண்டர் என்னைக் காப்பாற்றியது. செவ்வாய், வடக்கே சூலம்! அந்தத் திசையில் பயணம் ஆகாது. சென்னை எங்கே இருக்கிறது? நேர் வடக்கே. உதயகலா யார்? நல்ல நேரம் பார்க்காமல் பாவற்கொட்டைகூட ஊன்றாதவள். நான் இதையெல்லாம் நம்பாதவன்தான். அன்று மட்டும் பரம ஆஸ்திகனானேன்.

"இஞ்சர் கலா, மனசுக்குக் கவலையான விசயம் ஒண்டு. நாளைக்கு வடக்கே சூலம்."

"ஓம்."

"சென்னை வடக்கு. திசைமானியிலை வைச்சுப் பாத்தனான். பிளேன் நேரை சூலத்திலை போய்த்தான் ஏறும்."

"வடக்குச் சூலத்துக்குப் பால் குடிச்சிட்டு வெளிக்கிடலாம்."

"சரி, என்ரை ராசிக்கு நாளைக்குச் சந்திராட்டமம். அது பாலுக்குப் போகாது. பாக்காமலோ டிக்கெட் போட்டனி?"

"பாத்துத்தான் போட்டனான். அதை விட்டால் கலியாணத்துக்கு முதல் போய்ச்சேரப் பிளேன் இல்லை."

"என்ன செய்யிறது கலா. நாள் கூடாதே."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளே நான் தரையிறங்கிவிட்டேன், பயணிகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அதுதானே நீங்கள் வெள்ளிக்கிழமையே வெளிக்கிட்டிட்டியள்" என்றாள் உதயகலா.

"ஆர்?"

"நீங்களும் நானும். காலமை, நல்ல நேரத்திலை."

"வெள்ளிக்கிழமை நான் சுன்னாகத்திலையெல்லோ நிண்டனான்!"

"நீங்கள் நிண்டனியள். உங்கடை பயணம் வெளிக்கிட்டிட்டுது. பக்கத்துப் பராசக்தி அக்கா வீட்டிலை பரஸ்தானம் வைச்சிட்டன்."

போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னே ஒரு நல்ல நாளில், பயணம் போகிறவரின் பொருளொன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பது பரஸ்தானம். வைத்த நேரமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன்பிறகு ஆள் எந்த நாளில் நகர்ந்தாலும் சூலம் கேள்வி கேட்க முடியாது.

"என்ரை எந்தச் சாமானை வைச்சனி?" என்று கேட்டேன்.

"முதல் வேட்டி சால்வைதான் எடுத்தனான். உங்கடை மனம் ஒட்டியிருக்கிற சாமானெண்டால் இன்னும் திறம் எண்டு அக்கா சொன்னா. அதைத்தான் ஒரு சீலைப் பையிலை போட்டு வைச்சன்."

ஜோய்ஸ்டிக்!

பிரமித்துப்போய் நின்றேன். பஞ்சாங்கத்தில் அவள் ஒரு வரியைத் தொடவில்லை. ஒரு விதியையும் மீறவில்லை. மேலே பழைய சூலம் தன்பாட்டில் வடக்கே நிற்கிறது. கீழே உதயகலா சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நான் மாதக்கணக்காக மண்டையை உடைத்து எழுதிய நடு அடுக்கை, என் மனைவி ஒரு சீலைப் பையால் முடித்துவிட்டாள்.

மறுநாள் பாலும் தந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. பக்கத்து வீட்டுப் படலையில் பராசக்தி அக்கா பையை நீட்டினார்.

"இந்தாரும் தம்பி, உம்மடை பிளேன். பத்திரமா நிண்டது."

"கலா, பின்கதவு பூட்டேல்லைப் போல கிடக்கு…"

"பூட்டியாச்சு. பரஸ்தானத்தை எடுத்தால் திரும்பி வீட்டுக்குப் போகக் கூடாது."

பலாலியில் சோதனை மேசையில் இருந்த பெடியன் பையைத் திறந்து ஜோய்ஸ்டிக்கை வெளியே எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பினான். "என்ன சேர் இது?" என்றான். விமானம் ஓட்டுகிற பிடி என்று விமான நிலையத்தில் எப்படிச் சொல்வது?

"விளையாட்டுச் சாமான் தம்பி" என்றாள் உதயகலா. "இவருக்குப் பிளேன் எண்டால் பயம். கையிலை அது இருந்தால் கொஞ்சம் தாங்குவார்."

வரிசை முழுவதும் என்னை இரக்கத்தோடு பார்த்தது. பெடியன் அதை இரண்டு கையாலும் திருப்பித் தந்தான்.

"உனக்கு… தெரியுமோ?"

"அண்டைக்கு நுள்ளின இடம் தோளிலை இன்னும் நீலமாக் கிடக்கு."

விமானம் ஓடத் தொடங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மடியில் இருந்த பைக்குள் கையை விட்டுப் பிடியைப் பற்றி, உள்ள பலம் எல்லாம் சேர்த்து வயிற்றை நோக்கி இழுத்தேன். தரை கழன்றது.

"கண்ணைத் திறவுங்கோ. உங்கடை கோடு."

திறந்தேன். கீரிமலைக் கரை கீழே சிறுத்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால் கடல், கடலுக்கு மேல் வானம், இரண்டும் சேரும் இடத்தில் அந்தக் கோடு. யாரும் வரையவில்லை. ஒரு பல் இல்லை. விமானம் சரிய அதுவும் சரிந்தது. எவ்வளவு பெரியது! நான் ஒரு சாண் கண்ணாடிக்குள் இவ்வளவு காலமும் வரைந்துகொண்டிருந்தது இதையா? பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடவும் தோன்றவில்லை.

பக்கத்தில் உதயகலா வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தச் சிரிப்பையா புயல் வைத்தும் சூலம் வைத்தும் தடுக்கப் பார்த்தேன்? ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவள் பைக்குள் கையை விட்டு, இன்னும் பிடியை இழுத்துக்கொண்டிருந்த என் கையை மெல்லத் தட்டினாள்.

"சரியப்பா, எழுப்பிப்போட்டியள். இனிக் கையை விடுங்கோ, மிச்சத்தை அவையள் ஓட்டட்டும்."