துணைப் பொது மேலாளர் கார் தேர்ந்தெடுத்த வரலாறு

போர் தொடுக்கும் முன் பேரரசர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். கைக்கு அடக்கமான விலையில் புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் காரா, அதே விலைக்கு யாரோ ஓட்டித் தீர்த்த சொகுசுக் காரா என்ற மாபெரும் கேள்வியை ஒரு மழைக்காலம் முழுவதும் தன் தலையில் சுமந்தார், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் துணைப் பொது மேலாளர். அந்த நாட்களில் அவர் வேறு எந்தச் சுமையையும் சுமக்கவில்லை என்பதற்கு அவருடைய அலுவலக மேசையே சாட்சி.

அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அவர் என்றைக்கும் கவலைப்பட்டதில்லை. வெளிப்பக்கம் பளபளக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த உயர்ந்த கொள்கையைக் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கியே பதவி உயர்வும் வாங்கினார். வாங்கிய அன்றே அவருக்கு ஓர் உறுத்தல். மேலாளர் என்று ஆன பிறகு மேலான காரில் வர வேண்டாமா?

வீட்டில் இருந்தது ஒரு சின்னக் கார். ஒரு பக்கம் நசுங்கியது. பின் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அதை ஓட்டியவள் அவருடைய மனைவி. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. தினமும் காலையில் கணவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். ஆனால் அலுவலக வாசலில் அல்ல, அதற்கு முந்தின தெருவில். அந்தக் காரிலிருந்து இறங்குவதை யாராவது பார்த்துவிட்டால் பதவியின் மானம் என்னாவது? சக அதிகாரிகள் கேட்டபோது, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவது இதயத்துக்கு நல்லது என்று விளக்கம் கொடுத்திருந்தார்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்று யாரும் பழி சொல்லக் கூடாது. ஓட்டுநர் தேர்வுக்குப் போனவர், அத்தனை பெரிய மைதானத்தில் இருந்த ஒரே ஒரு கம்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து இடித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தவனால் 'தொலைநோக்கோடு' சிந்திக்க முடியாது என்ற முடிவுக்கு அன்றே வந்துவிட்டார்.

ஆகவே கார் வாங்குவதற்கான எல்லாத் தகுதியும் பெற்றிருந்த அவர், தேநீர் இடைவேளையில் ஓர் 'ஆலோசனைக் குழு'வை அமைத்தார். விற்பனை அதிகாரி ஸ்போர்ட்ஸ் கார் பக்கம். அதில் ஏறி உட்கார்ந்தால் ஆளுக்குப் பத்து வயது குறையும் என்றார். இறங்கும்போது இருபது வயது கூடிவிடும், அவ்வளவு தாழ்வான சீட்டு என்றார் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. கணக்காளரோ, பழைய சொகுசுக் கார் வாங்குவதும் ஓய்வு பெற்ற யானையைத் தத்தெடுப்பதும் ஒன்றுதான், தீனி போட்டு மாளாது என்று எச்சரித்தார். விவாதம் சூடு பிடித்ததில் தேநீர் ஆறியது. இரண்டு ஆர்டர்கள் தாமதமாகின. நாட்டின் பிரச்சினை பேசும்போது பெட்டிப் பிரச்சினையைப் பார்க்க முடியுமா?

குழுவில் இடம்பெறாத ஒரே ஆள், வண்டியை ஓட்டப்போகிறவள். பாதிப் பணம் அவளுடையது என்பது இந்த வரலாற்றுக்குத் தேவையில்லாத சில்லறை விவரம்.

ஒரு விடுமுறை நாளில் இருவரும் இரண்டு கடைகளுக்கும் போனார்கள். முதலில் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டு கதவு. பின்னால் சீட்டு என்று ஏதோ ஒன்று இருந்தது. அதில் ஒரு குடையைப் படுக்க வைக்கலாம். துணைப் பொது மேலாளர் முன் சீட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. வண்டி புறவழிச் சாலைக்கு வந்ததும் அவள் மெல்ல வேகம் எடுத்தாள். கண்ணாடியை இறக்கினாள். காற்றில் முடி கலைந்தது, அவள் ஒதுக்கிவிடவில்லை. ஒரு வளைவில் திரும்பும்போது சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று அவருக்கே தோன்றியது. வண்டியில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தார்.

திரும்பி வந்ததும் அவரைச் சீட்டிலிருந்து வெளியே எடுக்க விற்பனைப் பெண்ணும் காவலாளியும் தேவைப்பட்டார்கள்.

அடுத்தது சொகுசுக் கார். கறுப்பு நிறம், கப்பல் நீளம். எத்தனை வருடம் பழசு என்று அவர் கேட்டதும் விற்பனையாளர் முகம் வாடிவிட்டது.

"பழசுன்னு சொல்லாதீங்க சார். 'அனுபவசாலி'ன்னு சொல்லுங்க."

மனைவி முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அது ஏன் எரிகிறது என்று கேட்டாள்.

"அது வந்து மேடம், வண்டி நம்மகூடப் பேசுது."

"என்ன சொல்லுது?"

விற்பனையாளர் கொஞ்சம் யோசித்தார். "வணக்கம் சொல்லுது."

துணைப் பொது மேலாளருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் பின் சீட்டைப் 'பரிசோதித்துக்' கொண்டிருந்தார். கால் நீட்டப் பலகை இருந்தது. ஜன்னலுக்குத் திரை இருந்தது. பொத்தானை அழுத்தினால் சீட்டே முதுகைப் பிடித்துவிட்டது. சிக்னலில் நின்றபோது பக்கத்துப் பேருந்தின் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த முகங்களை அவர் பார்த்தார். தான் யாரோ பெரிய ஆள் என்று அவர்கள் நினைப்பது கண்ணாடியைத் தாண்டித் தெரிந்தது. முடிவு அந்த இடத்திலேயே எடுக்கப்பட்டது.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி தன் விருப்பத்தைச் சொன்னாள்.

"ஏங்க, எனக்கு அந்தச் சிவப்பு வண்டிதான் புடிச்சிருக்கு. தினம் ஓட்டப்போறது நான்தானே."

"உன் கருத்தை எடுத்துக்கிட்டேம்மா" என்றார் அவர், கூட்டங்களில் சொல்லும் அதே கனிவோடு. எங்கே எடுத்துக்கொண்டு போனார் என்பது தெரியவில்லை. மறுவாரம் கறுப்புக் கார் வீட்டுக்கு வந்தது.

முதல் நாள் அவர் முந்தின தெருவில் இறங்கவில்லை. அலுவலகப் பிரதான வாசலுக்கே வண்டியை விடச் சொன்னார். பின் சீட்டில் திரையைப் பாதி விலக்கிவைத்து, கன்னத்தில் இரண்டு விரல் ஊன்றி உட்கார்ந்திருந்தார். வாசலில், புதிதாகப் பொறுப்பேற்றிருந்த நிர்வாக இயக்குநரே நின்றிருந்தார். இப்படியொரு பொருத்தம் யாருக்கு அமையும்?

இயக்குநர் காரைப் பார்த்தார். ஓட்டி வந்தவளைப் பார்த்தார். பின் கதவைத் திறந்துகொண்டு பாதி இறங்கியவரிடம், "லேடி டிரைவரா வச்சிருக்கீங்க? ரொம்ப முற்போக்கான ஆளா இருக்கீங்களே" என்றார்.

'மனைவி' என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் 'முற்போக்கு' என்ற சொல் எதிரில் பளபளவென்று நின்றது. பளபளப்பை அவர் என்றைக்குமே தட்டிக்கழித்ததில்லை.

"பெண்களுக்கு நாமதானே சார் வாய்ப்பு குடுக்கணும்."

முன் ஜன்னல் திறந்துதான் இருந்தது. இயக்குநர் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, எத்தனை நாளாக டிரைவராக இருக்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள். அவர் தன் சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"தெரியல சார். எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

இன்ஜினை அணைத்தாள். மதியச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, "சாவி சார்" என்று கணவரின் கையில் வைத்தாள். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் அட்டைப்பெட்டி ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தது. கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள் என்றார் இயக்குநர். துணைப் பொது மேலாளர் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மனசு யோசனையில் இருக்கும்போது தான் ஓட்டுவதில்லை என்றார். ஆலோசனைக் குழு ஓடி வந்தது. விற்பனை அதிகாரி முன்னால் ஏறிச் சாவியைத் திருப்பினார். எல்லா விளக்குகளும் ஒருசேர எரிந்தன. வண்டி ஏதேதோ பேசியது. பிறகு ஒரேயடியாக மௌனம் சாதித்தது. கணக்காளரும் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தார்கள்.

அவர்கள் தள்ளுவதை ஒதுங்கி நின்று பார்த்த இயக்குநருக்கு மனசு கேட்கவில்லை. ஊழியர் நலனில் அவர் கண்டிப்பானவர் என்று பேர் வாங்கியவர்.

"அந்தம்மா ஏன் இப்படிப் பாதியில விட்டுட்டுப் போச்சு? ஒழுங்கா நடத்துறீங்கதானே?"

துணைப் பொது மேலாளர் பதறிப்போனார்.

"சே சே, அப்படியெல்லாம் இல்ல சார். என் சொந்தப் பொண்டாட்டி மாதிரிதான் நடத்துறேன்."

அன்று காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்தவற்றில், இது ஒன்றில் மட்டும் துளிகூடப் பொய் இல்லை.