ஆயுத பூஜையில் கலைந்த ‘துரு’

இசைக்குழுக்கள் உடைவதற்கென்று உலகத்தில் சில கௌரவமான காரணங்கள் இருக்கின்றன. புகழ் தலைக்கேறும். பாடகருக்கும் கிடார்காரருக்கும் ஆகாது. யாராவது யாரையாவது காதலித்துத் தொலைப்பார்கள். எங்கள் குழு சந்தனத்தால் உடைந்தது.

சமீபத்தில், இணையத்தில் இசை பற்றி எழுதும் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். “‘துரு’ குழுவின் சுகந்தி நீங்கள்தானே? சென்னையில் இண்டஸ்ட்ரியல் எலக்ட்ரானிக் இசைக்கு வழி போட்டவர்கள் நீங்கள். உங்கள் தாக்கம் இல்லாத குழுவே இன்று இல்லை. ஏன் பிரிந்தீர்கள்?” (தாக்கம் இல்லாத குழுவே இல்லை என்பது உண்மைதான். ஊரில் மொத்தமே ரெண்டு குழு. அதில் ஒன்று முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் இருக்கிறது.) “கலை சார்ந்த கருத்து வேறுபாடு” என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு நானே தலையில் அடித்துக்கொண்டேன்.

அது என்ன இசை என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைச் சத்தங்களைப் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி அதைத் தாளமாக்க வேண்டும். அதன்மேல் ஒருவர் கத்த வேண்டும். அவ்வளவுதான். “இதுக்கு நம்ம குவார்ட்டர்ஸ் மோட்டார் ரூமுக்குள்ள போய் உக்காந்துக்கலாமே” என்பது என் அம்மாவின் விமர்சனம்.

குழுவில் மூன்று பேர். லேப்டாப் நான். டீசல் டிரம்மை இரும்புக் குழாயால் அடிப்பவன் பிரபு. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் அப்பாவுக்கு ஒரு சின்ன பிரஸ் ஷாப் இருந்தது. தகடுகளை அச்சில் வைத்து டங் டங்கென்று அமுக்கி வெட்டும் பட்டறை. கத்துவது தாஸ். பூந்தமல்லிக்கும் ஐயப்பன்தாங்கலுக்கும் நடுவே அவன் அப்பா ஓட்டிய ஷேர் ஆட்டோவில் ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல் அது. மைக்கே தேவையில்லை, ஆனாலும் மைக் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பட்டறையில்தான் ஒத்திகை. வேலை நாளொன்றில் பெரிய பிரஸ் மெஷின் ஓடும் சத்தத்தை, போனை ஒரு சாக்ஸுக்குள் போட்டுத் தொங்கவிட்டு நான் பதிவு செய்தேன். அதை வைத்துப் பண்ணிய ‘ரெண்டாவது ஷிப்ட்’ என்ற பாட்டு இணையத்தில் எப்படியோ பரவியது. எங்கேயோ பனி கொட்டும் ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் “அபாரம்” என்று எழுதினார்கள். போதாதா? ஆவடி வெயிலில் கறுப்புக் கோட்டு, அப்பாவின் பழைய சேஃப்டி ஷூ, கண்ணைச் சுற்றி அரை டப்பா மை என்று நான் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். மரியாதையில் அல்ல, பயத்தில்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்துத் தொலைத்தது. நான் வேலைக்குப் போகமாட்டேன், ஒரு வருஷம் இசைக்குத்தான் என்று வீட்டில் சத்தியாக்கிரகம் ஆரம்பித்தேன். அப்பா மதுரைப் பக்கத்துக்காரர். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் காலமெல்லாம் பிரஸ் ஷாப்பில் நின்றவர். கோபப்படவில்லை. அதுதான் பிரச்சினையே.

“ஆத்தா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நம்ம ஊர் ஆளுக நாலு பேரு உக்காந்து, உன் பாட்டு ஒண்ணை முழுசாக் கேக்கட்டும். எந்திரிச்சுப் போகக் கூடாது. அப்படிக் கேட்டாய்ங்கன்னா ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷம் எடுத்துக்க. இல்லன்னா பேசாம வேலைக்குப் போயிரணும்.”

நாலு பேர்! பனி கொட்டும் ஊரெல்லாம் கேட்கிற பாட்டை அம்பத்தூரில் நாலு பேர் கேட்கமாட்டார்களா? சரி என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

எங்கே வாசிப்பது? பிரபு வீட்டுப் பட்டறையில், ஆயுத பூஜையன்று. நாற்காலி போட்டிருக்கும், ஸ்பீக்கர் வாடகைக்கு வந்திருக்கும், தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருவார்கள், சுண்டல் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று மெஷின்கள் ஓடாது; எங்கள் பாட்டு தெளிவாகக் கேட்கும். இந்த அறிவுக்கொழுந்து யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள். மெஷினைத் தொடவே கூடாத ஒரே நாளில், மெஷின் ஓடும் பாட்டைப் போட வேறு யாருக்குத் தோன்றும்?

முதல்நாள் சாயங்காலமே சாமான்களைப் பட்டறையில் இறக்கிவிட்டேன். மறுநாள் காலை அப்பாவோடு வண்டியில் போய் இறங்கினால், பட்டறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாழைக்கன்று, மாவிலை, சாம்பிராணிப் புகை. பெரிய பிரஸ்ஸுக்கு ஆளுயர சாமந்தி மாலை. ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாம் வரிசையாகக் கழுவி, துடைத்து, பொட்டு வைத்து நின்றன. அந்த வரிசையின் கடைசியில் எங்கள் டீசல் டிரம். அதன் பக்கத்தில் இரும்புக் குழாய். அதன் பக்கத்தில் என் லேப்டாப்.

சும்மா பக்கத்தில் இருந்தால் பரவாயில்லையே. திறந்து வைத்து, திரையில் மூன்று பட்டை விபூதி இழுத்து, கீபோர்டில் நாலு மூலையிலும் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். ஸ்பேஸ் பாரில் ஒரு பூவன் பழம். சார்ஜர் குத்தும் ஓட்டையில் ஊதுபத்தி!

“டேய் பிரபு!”

பிரபு நெற்றி நிறைய விபூதியும் பட்டு வேட்டியுமாக வந்தான். “நம்ம ஆயுதம் இதுதானே சுகந்தி? இன்னிக்குப் பூஜைல வெச்சா நல்லதுன்னு அம்மா சொன்னாங்க. நான்தான் என் கையால பொட்டு வெச்சேன்” என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“சரிடா, எடு. துடைக்கணும். இன்னும் கொஞ்ச நேரத்துல வாசிக்கணும்.”

“எடுக்கிறதா? பூஜைல வெச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். இன்னிக்கு யாரும் ஆயுதத்தைத் தொடக்கூடாது, தெரியாதா உனக்கு?”

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஊதுபத்தியை அவன் மூக்கில் செருகியிருப்பேன். அதற்குள் தாஸ் வந்துவிட்டான். வரிசையைப் பார்த்தான். டிரம்மைப் பார்த்தான். மூச்சை ஒருதரம் இழுத்து விட்டான்.

“இன்னா மச்சான் இது? பேண்டை இட்டாந்து சாமிகிட்ட சரண்டர் பண்ணி வெச்சுகினு கீற? நான் இன்னாத்த பாடறது? அதுக்கும் பொட்டு வெச்சிடு.” தொண்டையை நீட்டிக் காட்டினான்.

“சாமி விஷயத்துல கிண்டல் வேணாம் தாஸு.”

“நீ அட்ச்சாதான்டா நான் கத்த முடியும்! நீ கும்பிட்டுகினு நின்னா நான் இன்னா பஜனையா பாடறது?”

நான் பிரபுவின் அப்பாவிடம் ஓடினேன். அவர் தொழில் தெரிந்த மனிதர்; அதாவது, சண்டையை ரெண்டாகப் பிரித்துப் பாதியைத் தீர்ப்பார். “லேப்டாப்ல பாட்டுதானம்மா போடற? ஒரு சூடம் காட்டிட்டு எடுத்துக்கோ, ஒண்ணும் ஆவாது. டிரம்மும் குழாயும் இரும்பு சாமான். அதத் தொட்டா இவன் அம்மா என்னை ஊட்டுக்குள்ள உட மாட்டா” என்றார்.

சரி, அதுவாவது கிடைத்ததே. சூடம் காட்டினார்கள். பல் குத்தும் குச்சியால் கீபோர்டில் சந்தனத்தைத் தோண்டி எடுத்தேன். ‘க’ அழுத்தினால் மூன்று ‘க’ வந்தது. ஸ்பீக்கரை முன்னால் வைக்கலாம் என்றால், சாமி படத்தை மறைக்கிறது என்று பிரபுவின் அம்மா அதைப் பெரிய பிரஸ்ஸுக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். வைத்தோம். இதுவே எங்கள் தலையெழுத்து என்று அப்போது தெரியவில்லை.

ஐம்பது பேராவது இருப்பார்கள். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் அப்பா, வெள்ளைச் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு. நாலு பேர் போதும் சாமி, நாலே நாலு பேர், என்று நானும் அந்தப் பிரஸ்ஸைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டேன். பொரிப் பொட்டலம் வாங்குவதற்காகச் சின்னப் பிள்ளைகள் அதே பிரஸ்ஸை ஒட்டி வரிசையில் நின்றார்கள். பிரபு தன் டிரம்முக்குப் பின்னால் கைகூப்பி நின்றான். தாஸ் மைக்கைப் பிடித்தான். நான் பட்டனை அழுத்தினேன்.

‘ரெண்டாவது ஷிப்ட்’ மெல்ல ஆரம்பிக்கிற பாட்டு இல்லை. முதலில் மோட்டார் உறுமும். உடனே, டங்! டங்! டங்!

“எவன்டா மெஷினைப் போட்டது!” என்று ஒரு அலறல். “புள்ளைக நிக்கிதுக! மாலை சிக்கப்போகுது! மெயினை அமத்துங்கடா!”

கூட்டம் மொத்தமும் எழுந்தது. தாய்மார்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. தொழிலாளர்கள் பிரஸ்ஸை நோக்கிப் பாய, எல்லோருக்கும் முன்னால் ஒரு வெள்ளைச் சட்டை பறந்து போய் மெயின் ஸ்விட்சைப் பிடித்துக் கீழே இழுத்தது. அலறியதும் அதே ஆள்தான். என் அப்பா!

லைட், ஃபேன், ஸ்பீக்கர், மைக் எல்லாம் செத்தது. “நின்னுடுச்சு, நின்னுடுச்சு” என்று ஐம்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். “அய்யோ, அது பாட்டு!” என்று நான் செத்துப்போன மைக்கில் கத்திக்கொண்டிருந்தேன். ஒருவர் காதிலும் விழவில்லை. நாலைந்து பேர் மெஷினைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் திரும்ப மெயினைப் போட்டார்கள்.

லேப்டாப்புக்கு பேட்டரி இருந்ததே! பாட்டு அதுபாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெயினைப் போட்டபோது அது உச்சக்கட்டத்துக்கு வந்திருந்தது. நான் பாய்ந்து நிறுத்தப் பார்த்தேன்; சந்தனத்தில் ஸ்பேஸ் பார் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. இந்த முறை டங் டங்கோடு, பாட்டில் பதிவாகியிருந்த தாஸின் கதறலும் சேர்ந்து வந்தது. யாரோ மெஷினுக்குள் கையைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து பிரபுவின் அம்மா “அய்யய்யோ” என்று சுண்டல் அண்டாவின் மேல் சாய்ந்தார். அண்டா சாய்ந்தது. அப்பா மறுபடி ஓடினார். மெயின் மறுபடி கீழே வந்தது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. “ஆயுத பூஜையும் அதுவுமா, மாலை போட்ட மெஷினை ஓட்டின மாதிரி ஆக்கிட்டீங்களேடா” என்று பிரபுவின் அம்மா அழ ஆரம்பித்தார். பிரபுவும் சேர்ந்து அழுதான். அதைப் பார்த்து தாஸுக்குப் பொறுக்கவில்லை. “இவன் ஒயுங்கா டிரம்மை அட்ச்சிருந்தா பாட்டுன்னு தெரிஞ்சிருக்கும்ல! கும்பிட்டுகினு நின்னான்யா!” என்று டிரம்மை ஓங்கி ஓர் உதை விட்டான்.

அன்றைய நிகழ்ச்சியில் டிரம் சத்தம் கேட்டது அந்த ஒரு தடவைதான். பொட்டு வைத்த டிரம். பூஜையில் இருந்த டிரம். காலால்!

பட்டறையே தாஸைச் சூழ்ந்துகொண்டது. ஐம்பது பேர் முன்னால் அவன் அந்த டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தோப்புக்கரணமும் போட வேண்டியதாயிற்று. போட்டு முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “இத்தோட முட்ச்சுக்கலாம் மாமே. நீ இன்னொரு பாட்டுக்காரனப் பாத்துக்கோ.” பிரபு, “காலால ஒதச்சவனோட நான் மேடை ஏற மாட்டேன்” என்றான். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “எக்கேடோ கெட்டுத் தொலைங்கடா” என்றேன். ‘துரு’வின் கடைசி அறிக்கை அதுதான்.

லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா வண்டியருகே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க மெயின் ஸ்விட்ச் கிரீஸ். “ஒருத்தரும் உக்காரல. சரி, வேலைக்குப் போறேன். போதுமா?” என்றேன்.

அப்பா தலையைச் சொறிந்துகொண்டே, “இல்லத்தா. வாழ்க்கை பூரா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல நின்னவன் நான். எனக்கே அசல்னு தோணிப்போச்சு. என்னையவே ஏமாத்திப்புட்டயே! அதுல ஏதோ விஷயம் இருக்கு. நான் நாக்கு மாற மாட்டேன், ஆனா இன்னைக்கு மாறுறேன். நீ ஒரு வருஷம் எடுத்துக்க” என்றார்.

நான் பட்டறையைத் திரும்பிப் பார்த்தேன். தாஸ் ஒரு பக்கமாகவும் பிரபு இன்னொரு பக்கமாகவும் போய்க்கொண்டிருந்தார்கள்.

“பேண்டு இப்பத்தாம்ப்பா கலைஞ்சுது.”

“எப்ப?”

“நீங்க வண்டியை எடுக்க வந்தீங்கல்ல, அப்ப.”

“அடச் சே!” என்றார் அப்பா. என்னைவிட அவருக்குத்தான் ஏமாற்றம் அதிகமாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீடு வரைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். கண்மை எல்லாம் அந்தச் சட்டையில்தான். வேலைக்குப் போனேன். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது பாரிவாக்கத்தில் வீடு. அப்பாவும் அம்மாவும் என்னோடுதான். காலையில் என் கணவர் சட்னிக்கு மிக்ஸியைப் போடுவார். அது கிழடானதால் டங் டங்கென்று தட்டும். உடனே ஹாலிலிருந்து அப்பா எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, மெயினை அணைத்துவிடுவார். சட்னி பாதியில் நிற்கும். என் ஆபீஸ் கால் அறுந்துபோகும். “இது ஒரு வேடிக்கையா?” என்று நான் கத்துவேன். கணவரும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். ஸ்விட்சில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்துக் கேட்பார்:

“அடுத்த பாட்டு எப்பத்தா போடப்போற?”