வாசப்படிக்கு வந்துருச்சு

உயிரே போனாலும் மாமியார் வீட்டுக் காம்பராவில் காலெடுத்து வைப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். உயிர் போகிற நிலைமையே வந்தது.

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் ஆற்றங்கரையை ஒட்டியவை. சிங்களத்தில் ஆற்றுக்கு ஓயா என்று பேர். பேரே ஓயா, எப்படி ஓயும்? ஐம்பத்தேழு மார்கழி மழையில் இரவும் பகலும் உறுமியது. "மேல மண்ணு சரியுது. பள்ளத்து லயத்துக்காரங்க கண்ணு மூடாம இருங்க!" என்று செல்லசாமி கங்காணி தப்படித்துச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் மூட்டை கட்டி மேடேறிவிட்டார்கள். நான் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்து ராத்திரியெல்லாம் கண் மூடாதவன். பகலிலும் மூடாதே என்றால்?

வீட்டுக்குள் இன்னொரு ஓயா, என் மனைவி அழகம்மா.

"என்னாங்க, புள்ளைய தூக்கிக்கிட்டு மேட்டு லயத்துக்கு, எங்கம்மாகிட்ட போயிருவோம்."

"உங்கம்மா என்னைப் பகல்ல தூங்குற ஆந்தைன்னு சொல்லிச்சு."

"ஆந்தைக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப?"

"நீ ஆத்தைப் பாத்துக்கிட்டே இரு. சும்மா சும்மா எழுப்பாத. வாசப்படிக்கு வந்தா எழுப்பு, போவோம். சத்தியம்."

"வாசப்படிக்கு வந்தா?"

"வந்தாத்தான்!"

படுத்தேன். தூக்கம் எங்கே? கண்ணை மூடினால் ஆறு காதுக்குள் ஓடியது. புள்ளை இருமினால்கூடக் கரை உடைந்ததோ என்று எழுந்து உட்கார்ந்தேன். எப்போது அசந்தேனோ.

"என்னாங்க! வாசப்படிக்கு வந்துருச்சு!"

பெட்டியை இடுப்பிலும் புள்ளையைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஓடினேன். தேயிலைச் செடியெல்லாம் காலைக் கிழித்தது. மாமியார் வாசலில் நின்றுதான் மூச்சுவிட்டேன். திரும்பிப் பார்த்தேன்.

"அடியேய்! தண்ணி இன்னும் நம்ம அவரைப் பாத்தியைக்கூடத் தொடலையே! வாசப்படிக்கு வந்துருச்சுன்னியே?"

"தண்ணின்னு யாரு சொன்னா? எவன் வீட்டு ஆடோ ஒண்ணு வந்துச்சு. அதுக்கே மேட்டுக்கு ஏறணும்னு தெரிஞ்சிருக்கு."

ஆத்திரத்தில் வாயைத் திறந்தேன். மலையே பிளந்த மாதிரி ஒரு சத்தம். கரை பிய்ந்தது. அவரைப் பாத்தியைக் காணோம். ஆறு எங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நான் படுத்திருந்த இடத்தில் படுத்தது.

புள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

"என்னமோ சொல்ல வாயைத் தொறந்தீங்களே?" என்றாள் அழகம்மா.

மாமியார் தேநீர்க் கோப்பையை நீட்டினாள்.

"ஒண்ணுமில்ல. அத்தை ஊத்துன தேத்தண்ணி ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"இன்னும் குடிக்கவே இல்லையே மாப்பிள்ளை?" என்றாள் மாமியார்.