மாடியில் முதுகெலும்பு கிடைக்கும்

கீழ்த்தளத்தில் செருப்பு விற்றார்கள். மாடியில் முதுகெலும்பு விற்றார்கள். கூட்டம் என்னவோ மாடிக்குத்தான்.

காலை ஏழு மணிக்கே படிக்கட்டு முழுக்க வரிசை. தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கூடையில் ஒன்று என்று நாலு மாதத்திலிருந்து பத்து மாதம் வரைக்குமான உருப்படிகள். உட்காராத குழந்தையை உட்கார வைப்பதுதான் அங்கே தொழில். செய்பவருக்கு ஆசனத்தம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்கவில்லை. அங்கே யாரும் எதையுமே கேட்பதில்லை.

சுவர் முழுக்கப் புகைப்படங்கள். அம்மாவிடம் வந்து, பிறகு ஜம்மென்று உட்கார்ந்துவிட்ட குழந்தைகள். பொய்யில்லை, அத்தனையும் உட்கார்ந்தவைதான். அம்மாவிடம் வராமலே உட்கார்ந்த குழந்தைகளின் படங்களை மாட்டத்தான் ஊரில் அவ்வளவு சுவர் இல்லை.

உள்ளே ஒரு மேடை. மேடைமேல் வெள்ளை வெல்வெட் துணி போர்த்திய மெத்தை. பார்ப்பவர்கள் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். கிட்டே வந்தால் 'அலை' கலைந்துவிடுமாம். அம்மா குழந்தையை வாங்கி மெத்தையில் வைப்பார். முதுகில் மூன்று முறை ஊதுவார். இரண்டு கையையும் எடுத்துவிடுவார். குழந்தை உட்கார்ந்திருக்கும்! மைக் பிடித்த ஆள் பத்து வரை எண்ணுவான். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சைக்கிள் டயருக்குக்கூட பம்பு தேவைப்படுகிறது, அம்மாவுக்கு வாயே போதும்.

அப்புறம் கட்டளை பிறக்கும்.

"முதுகுல சத்து ஏத்தியிருக்கேன். பூமிக்கு இழுக்குற குணம் உண்டு. ரெண்டு மாசத்துக்குப் பிள்ளை தரையில படக்கூடாது. பட்டா அத்தனையும் இறங்கிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

இதைக் கேட்டு பயபக்தியோடு தலையாட்டியவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார். பன்னிரண்டு வருடமாகப் புவியீர்ப்பு விசை பாடம் நடத்துகிறவர். பூமி இழுக்கும் என்றதும் அவருக்குப் பரம திருப்தி. பாடத்தோடு ஒத்துப்போகிறதே!

அவருடைய மகனை வீட்டில் பூசணி என்று கூப்பிடுவார்கள். எதிர்வீட்டுக் குழந்தை ஐந்தரை மாதத்தில் உட்கார்ந்துவிட்டது. அதே வயதில் பூசணி மல்லாந்து படுத்துக் கட்டைவிரலைச் சுவைத்துக்கொண்டிருந்தான். அது போதாதா? வாத்தியாரும் மனைவியும் மாடி ஏறினார்கள். மெத்தையில் பூசணி கம்பீரமாக உட்கார்ந்தான். தாய் அழுதேவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டளையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். தாய் பகலெல்லாம் சுமந்தாள். தூக்கித் தூக்கி அவள் மணிக்கட்டு வீங்கியது. சமையல்கூட ஒற்றைக் கையால்தான். ஆனாலும் மடியில் நிமிர்த்தினால் பூசணி ஈரத்துண்டு மாதிரி சரிந்தான். இரண்டாவது தடவை போனார்கள், மூன்றாவது தடவையும் போனார்கள். ஒவ்வொரு தடவையும் காணிக்கையை வாங்கிக்கொண்டு அம்மா ஒரே பதில்தான் சொன்னார். "தரை பட்டிருக்கு."

"நீ எங்கயோ கீழ விட்டிருக்க" என்றார் வாத்தியார் மனைவியிடம்.

"சத்தியமா விடலைங்க. குளிக்கப் போறப்பகூட உங்க கையிலதானே குடுத்துட்டுப் போறேன்?"

"அப்ப ஏன் இன்னும் உட்காரல?"

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்காமல் வீங்கின கையோடு நின்றவளிடம் கேட்டார். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் வாத்தியாரின் அக்கா வந்து சேர்ந்தாள். இருபது வருடமாக சோபா தைக்கிற பட்டறை வைத்திருப்பவள். வீக்கத்தைப் பார்த்தாள், விவரம் கேட்டாள்.

"ஏன்டா, நீச்சல் கத்துக்கிற வரைக்கும் தண்ணியில இறங்காதேன்னு யாராவது சொல்வாங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா. அங்க உட்கார்ந்ததை நாங்க கண்ணால பார்த்தோம்."

"அங்க உட்கார்ற பிள்ளை இங்க ஏன் உட்காரல? சரி, நானும் வரேன். இவ கை இருக்குற லட்சணத்துல பூசணியை யாரு தூக்குறது?"

நான்காவது தடவை பூசணி அத்தையின் தோளில் மாடி ஏறினான். எட்டு மாதம் முடியப் போகிறது. வரிசையில் அவர்களுக்கு முன்னால் ஒரு தாய், பத்து மாதக் குழந்தையோடு. அதற்குக் கழுத்தே சரியாக நிற்கவில்லை. ஐந்தாவது தடவையாக வருகிறாளாம்.

பூசணியின் முறை வந்தது. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எல்லோரும் பின்னால் போனார்கள். அத்தை போகவில்லை. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, மெத்தையைப் பார்த்தாள். மெத்தையில் வைத்தால் பிள்ளை அதன் மேலே அல்லவா இருக்க வேண்டும்? பூசணி இடுப்பு வரைக்கும் உள்ளே போயிருந்தான்.

"பத்தடி தள்ளி நில்லும்மா!" என்று மைக் அலறியது.

அத்தை பூசணியைத் தூக்கி அவன் தாயிடம் கொடுத்தாள். கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு சிறுமி பஞ்சுப் பொம்மையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கண்ணு, பொம்மையைக் கொஞ்சம் தர்றியா? உடனே குடுத்துடுறேன்."

வாங்கி மெத்தையில் வைத்தாள். ஊதவில்லை. கையை எடுத்தாள். பொம்மை உட்கார்ந்திருந்தது. தலை மட்டும் தொங்கியது.

"எண்ணுங்க சார்" என்றாள் மைக் பிடித்தவனிடம். அவனுக்கு எண் மறந்துவிட்டது.

கூட்டத்தில் ஒருவர் கைகூப்பினார். "உயிரில்லாத பொம்மைக்கே அருள் புரிஞ்சிட்டாங்களே அம்மா!" இப்படிப்பட்டவர்கள் இருக்கும்வரை உலகத்தில் எந்த மோசடிக்காரருக்கும் வேலையில்லாத் திண்டாட்டம் வராது.

அத்தை அசரவில்லை. வெல்வெட்டை உருவினாள். நடுவில் பள்ளம், சுற்றிலும் கெட்டியான ரப்பர் வளையம், பின்னால் மறைவாக ஒரு முட்டு. "நல்ல வேலை. நானே இதைவிட நல்லா தைச்சிருக்க மாட்டேன்" என்று மனதாரப் பாராட்டிவிட்டு மெத்தையைக் குப்புறக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் பலகை மாதிரி தட்டை. பொம்மையை அதன்மேல் வைத்தாள். பொத்தென்று விழுந்தது.

"இப்ப ஊதுங்கம்மா."

ஆசனத்தம்மாவின் முகம் வெளுத்தது. "நம்பிக்கை இல்லாதவங்க கை பட்டா அருள் விலகிடும்!"

"உங்க கைதான் படப்போகுது. உங்களுக்குமா நம்பிக்கை இல்ல?"

ஒருத்தி சிரித்தாள். பிறகு படிக்கட்டு வரைக்கும் சிரித்தார்கள். பத்து மாதக் குழந்தையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப என் பிள்ளை?" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு மெத்தைதாம்மா தெரியும். பிள்ளையைப் பத்தி டாக்டருக்குத் தெரியும். இன்னைக்கே போ. நானும் கூட வரேன்."

இரண்டு குழந்தைகளோடும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் குழந்தைக்குத் தசை பலவீனம். அன்றே பயிற்சி தொடங்கினார்கள். "நாலு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். அந்த நாலு மாதத்தைத் திருப்பிக் கேட்க ஆசனத்தம்மாவைத் தேடினால், மாடியில் வெறும் ஆணி அடித்த சுவர்தான் இருந்தது.

பூசணிக்கு ஒரு குறையும் இல்லை. "தரையில விடுங்க. குப்புறப் போடுங்க, பக்கத்துலயே இருங்க. விழுந்துதான் கத்துக்குவான்" என்று அனுப்பிவிட்டார் டாக்டர். விரிப்பில் போட்டதும் முதல் வாரம் கத்தினான். அப்புறம் கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கினான், உருண்டான். ஒருநாள் இரண்டு கையையும் முன்னால் ஊன்றித் தவளை மாதிரி உட்கார்ந்தான், பக்கவாட்டில் சரிந்தான், மறுபடி முயன்றான். ஐந்தாவது வாரம், இரண்டு கையாலும் ஒரு கரண்டியைப் பிடித்து ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் வாத்தியார் கவனித்தார். பிள்ளை எதையும் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தான். அவர் மனைவியிடம் போய், "தப்பு என் மேலதான்" என்றார். "தெரியும்" என்றாள் அவள்.

எந்தக் குழந்தையும் முதுகை நிமிர்த்தக் கற்பதற்கு முன்னால் தன் தலையைத் தானே தூக்கி நிறுத்தக் கற்றுவிடுகிறது. மாடிப்படியில் வரிசை கட்டி நின்ற அத்தனை பெரியவர்களுக்கும் அந்த முதல் பாடம்தான் பாக்கி. கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே ஐயா, அதை நீங்களாகத்தான் நிமிர்த்த வேண்டும். அதற்கு முட்டுக் கொடுக்க வருகிறவன் உங்கள் சட்டைப் பையையும் சேர்த்துத்தான் தடவுவான்.